கடிகாரமும் கணக்கும்: மிகைத்துடிப்புக் கணினிகளின் உறுதிநிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். நிறுவனங்களின் தோற்றமும் வளர்ச்சியும், சில்லுகளின் தலைமுறைகள், அவற்றில் அடங்கிய திரான்சிற்றர்களின் எண்ணிக்கை என்பனவே அவ்வரலாறுகளின் உள்ளடக்கமாக அமைகின்றன. வாங்கியவன் தன் வீட்டு மேசையில் அப்பொறியை என்ன செய்தான் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே கணினியைப் பொருத்திக்கொண்டோருள் ஒரு சாரார், ஆக்கியோர் விதித்த வேகத்துக்கு மேல் அதனை இயக்க முயன்றனர். ஆங்கிலத்தில் ஓவர்குளொக்கிங் என வழங்கும் இம்முயற்சி ஈண்டு மிகைத்துடிப்பு எனக் குறிக்கப்படுகின்றது. இதனைப் பற்றிப் பேசுவோரும் திரவ நைதரசனை ஊற்றி நிலைநாட்டப்பட்ட வேகச் சாதனைகளையே பெரிதுபடுத்துவர். ஆயின், சில நிமிடங்கள் மட்டும் நிலைத்த அச்சாதனைகளிலும் பார்க்க, வேகங்கூட்டிய பொறி நம்பத்தக்கதா என அறிய முயன்றோர் படிப்படியாக உருவாக்கிய ஆய்வுமுறையே வரலாற்று முக்கியத்துவம் உடையது. வேகத்தைக் கூட்டுதல் எவர்க்கும் எளிது. கூட்டிய பின்னர் அப்பொறி கூறும் விடை மெய்யானதா என்பதை அறிதலே அரிது.

முதற்கண் இம்முயற்சியின் பௌதிக அடிப்படையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கணினியின் செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு அமைய இயங்குவது. குவாட்ஸ் பளிங்கொன்றின் அதிர்விலிருந்து பெறப்படும் இத்துடிப்பு, நட்டுவனாரின் தாளத்தை ஒத்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் ஆடுபவர் தம் அடவை முடித்து நிலைக்கு வந்துவிடல் வேண்டும். அவ்வாறே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் மின்சைகையானது பல திரான்சிற்றர்களைக் கடந்து சேருமிடம் சேர்ந்து அமைதியுறல் வேண்டும். செயலியினுள் உள்ள வழிகள் யாவும் ஒரே நீளத்தினவல்ல. மிக நீண்ட வழியே வேகத்தின் எல்லையை வகுக்கின்றது. தாளம் அவ்வெல்லையைக் கடப்பின் சைகை வந்து சேருமுன்னரே அடுத்த துடிப்பு விழுந்துவிடும். ஒன்றென இருக்கவேண்டிய பிற்று சுழியாகவும், சுழியென இருக்கவேண்டியது ஒன்றாகவும் பதியும். அவ்வேளை பொறி உடைவதுமில்லை, புகைவதுமில்லை. தவறான ஓர் எண்ணை எழுதிவிட்டு அது தொடர்ந்து இயங்கும்.

வழங்கும் வோல்ற்றளவைக் கூட்டினால் திரான்சிற்றர்கள் விரைந்து நிலைமாறும் என்பதால், வேகங்கூட்டுவோர் அதனையும் கூட்டுவர். ஆனால் இதற்கு விலையுண்டு. நிலைமாற்றத்தில் செலவாகும் வலு மீடிறனுக்கு நேர்விகிதசமமானது. வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதசமமானது. மீடிறனை நூற்றுக்கு 20 வீதத்தாலும் வோல்ற்றளவை நூற்றுக்கு 10 வீதத்தாலும் கூட்டின், இவ்வலு ஏறத்தாழ நூற்றுக்கு 45 வீதத்தால் உயரும். அவ்வலு முழுவதும் வெப்பமாகின்றது. சில்லு சூடேற, பொதுவாகச் சைகைகள் மந்தமடைகின்றன. எனவே வேகத்துக்காகச் சேர்த்த வோல்ற்றளவே வெப்பத்தின் வாயிலாக வேகத்தைக் கெடுத்துவிடவும் கூடும். உலோகத் தகடும் விசிறியும் கொண்ட குளிராக்கி எத்துணைச் சிறந்ததாயினும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொண்டுசெல்ல அதனால் இயலாது. குளிர்நாட்டில் மாரியிற் சோதித்து உறுதியானதெனக் கண்ட பொறி கோடையில் தளர்வதும், அறை வெப்பநிலை 30 பாகையைத் தொட்டு நிற்கும் கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் பிறநாட்டார் கூறிய அளவுகள் பொருந்தாமற் போவதும் இக்காரணத்தாலேயே.

இவ்வாறாயின் ஆக்கியோர் குறித்த வேகத்துக்கு மேல் ஒரு செயலி இயங்குவது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். ஒரே சிலிக்கன் வட்டில் உருவாகும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தினவாக அமைவதில்லை. ஆக்கியோர் அவற்றைச் சோதித்து வகைப்படுத்தி வேகம் பொறிக்கின்றனர். மிக மோசமான வெப்பநிலையிலும், தாழ்ந்த வோல்ற்றளவிலும், பல ஆண்டுகள் தேய்ந்த பின்னரும் இயங்கவேண்டும் என்பதற்காக அவர்கள் ஓர் இடைவெளியை விட்டு வைப்பர். அன்றியும், உற்பத்தி முறை முதிர்ச்சியடைந்த பின்னர் பெரும்பாலான சில்லுகள் உயர்வேகத்தைத் தாங்கவல்லன ஆகிவிட, சந்தையோ மலிவானவற்றையே மிகுதியாகக் கேட்கும். அந்நிலையில் நல்ல சில்லுக்கும் தாழ்ந்த வேகமே பொறிக்கப்படும். ஆகவே சில்லின் மேற் பொறிக்கப்பட்ட எண் ஓரளவுக்குப் பௌதிக அளவு. ஓரளவுக்கு வணிகத் தீர்மானம். வேகங்கூட்டுவோர் உரிமை கோரியது இவ்விரண்டாவது பகுதியையே. அவர்களுக்கு நேர்ந்த இடர்களுட் பல, முதலாவது பகுதி எங்கு தொடங்குகின்றது என்பதை அறியாமையால் விளைந்தவை.

இம்முயற்சியின் தொடக்ககாலச் சான்றுகளுள் தெளிவானது ஐ.பி.எம். நிறுவனம் 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட ஏ.ரி. கணினி தொடர்பானதாகும். அதன் 80286 செயலி 6 மெகாஹேர்ட்சில் இயங்கியது. கடிகாரத்துக்குரிய 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு தாய்ப்பலகையில் பற்றவைக்கப்படாது ஒரு குழியிற் செருகப்பட்டிருந்தமையால், அதனைக் கழற்றி 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கொன்றைச் செருகுவோர் 8 மெகாஹேர்ட்ஸ் வேகத்தைப் பெற்றனர். சில டொலர் பெறுமதியான ஒரு பளிங்கு, பல ஆயிரம் டொலர் பெறுமதியான பொறியின் வேகத்தை மூன்றிலொரு பங்கால் உயர்த்தியது. 18 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைச் செருகி 9 மெகாஹேர்ட்சை நாடியோரும் உளர். இப்பொறியில் விரிவாக்க அட்டைகளுக்குச் செல்லும் பாட்டையும் செயலியின் துடிப்புக்கமையவே இயங்கியது. ஆகவே செயலி தாங்கினும் நினைவகமோ அட்டையொன்றோ தாங்காதுவிடலாம். பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டிய ஓர் உண்மை இங்கு முதன்முதலாக வெளிப்பட்டது: வேகம் கூட்டப்படுவது ஒன்று, தளர்வது மற்றொன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1985 இன் இறுதியில் பயோஸ் செய்நிரலைத் திருத்தி, தொடக்கச் சோதனையின்போது 6 மெகாஹேர்ட்சுக்கு மேற்பட்ட வேகத்தைக் கண்டால் பொறி இயங்க மறுக்கும்படி செய்தது. 1986 இல் அந்நிறுவனமே 8 மெகாஹேர்ட்ஸ் ஏ.ரி. கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தது என்பதை நோக்குமிடத்து, அத்தடை பொறியின் நலனை மட்டும் கருதியது என்று கொள்வதற்கில்லை.

1992 இல் இன்ரெல் நிறுவனம் 486 டி.எக்ஸ்.2 செயலியை வெளியிட்டதோடு நிலைமை மாறிற்று. தாய்ப்பலகை 33 மெகாஹேர்ட்சில் துடிக்க, செயலி அதனை இரட்டித்து 66 மெகாஹேர்ட்சில் இயங்கியது. இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட விகிதம் பெருக்கி எனப்படும். அதன் பின்னர் வேகத்தைக் கூட்டுதற்குப் பளிங்கைக் கழற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிறு இணைப்புத் தொப்பிகளை இடம்மாற்றுதலே போதுமானதாயிற்று. இவ்வசதியைத் திறமையான இளைஞரேயன்றி வஞ்சக வணிகரும் பயன்படுத்தினர். மெதுவான பென்ரியம் சில்லுகளின் எழுத்துகளை அழித்து உயர்வேகம் பொறித்து விற்கும் மோசடி பரவவே, 1990களின் பிற்பகுதியில் இன்ரெல் பெருக்கியைப் பூட்டியது. எஞ்சிய வழி பாட்டையின் வேகத்தைக் கூட்டுவதொன்றே.

இவ்வழியின் பொற்காலமாக 1998 ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த செலரொன் 300ஏ செயலியின் காலத்தைக் குறிப்பிடலாம். இன்ரெலின் மலிவு வகையைச் சேர்ந்த இதன் விலை 149 டொலர். அதே வேளையில் வெளிவந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 2 இன் விலை 669 டொலர். பென்ரியம் 2 இன் பதுக்கு நினைவகம் செயலிக்கு வெளியே தனிச் சில்லுகளில் அமைந்து, செயலியின் வேகத்திற் பாதியிலேயே இயங்கியது. செலரொனின் பதுக்கு நினைவகமோ 128 கிலோபைற்று மட்டுமேயாயினும் செயலியினுள்ளேயே அமைந்து, அதன் முழுவேகத்தில் இயங்கியது. வேகங்கூட்டத் தடையாக நிற்கக்கூடிய வெளிச்சில்லு இல்லாமற்போனமையே இதன் சிறப்பு. பெருக்கி நாலரை எனப் பூட்டப்பட்டிருந்தது. பாட்டை 66 மெகாஹேர்ட்சாயின் வேகம் 300. பாட்டையை 100 மெகாஹேர்ட்சாக்கின் வேகம் 450. செருகுவாயிலுள்ள பி21 என்னும் முனையைச் சிறு ஒட்டுநாடாத் துண்டினால் மறைத்துவிட, சில தாய்ப்பலகைகள் அச்செயலியை 100 மெகாஹேர்ட்ஸ் பாட்டைக்குரியதெனக் கொண்டுவிடும். தாய்வானைச் சேர்ந்த அபிற் நிறுவனத்தின் பி.எச்.6 தாய்ப்பலகையில் இத்தகைய ஒட்டுவேலைகளும் தேவைப்படவில்லை. பாட்டையின் வேகத்தையும் செயலியின் வோல்ற்றளவையும் திரையிலேயே தெரிவுசெய்ய அது இடமளித்தது.

ஆயினும் அக்காலத்து முயற்சியாளரைப் பெரிதும் மயங்கவைத்த ஒரு முரண் இங்கு எழுந்தது. 450 இல் இயங்காத செயலியை உடையோர் இயல்பாகவே இடைநிலை வேகங்களை நாடினர். பாட்டையை 83 மெகாஹேர்ட்சாக்கின் செயலி 375 மெகாஹேர்ட்சில் இயங்கும். குறைந்த வேகமாதலின் இது கூடுதல் உறுதியானதென்றே எவரும் எண்ணுவர். ஆனால் 100 இல் செம்மையாக இயங்கிய பொறிகளும் 83 இல் கோப்புகளைச் சிதைத்தன. வன்தட்டிலிருந்த தரவுகளை அழித்தன. காரணம் செயலியில் இருக்கவில்லை. வன்தட்டு, ஒலி அட்டை முதலியன இணையும் பி.சி.ஐ. பாட்டை 33 மெகாஹேர்ட்சுக்கென வகுக்கப்பட்டது; முதன்மைப் பாட்டையின் வேகத்தை ஒரு முழுவெண்ணால் வகுத்தே அதன் துடிப்புப் பெறப்பட்டது. முதன்மைப் பாட்டை 66 ஆயின் இரண்டால் வகுக்க 33. 100 ஆயின் மூன்றால் வகுக்கவும் 33. ஆனால் 83 க்கு இரண்டே வகுத்தியாக இருந்தமையால் பி.சி.ஐ. பாட்டை 41 மெகாஹேர்ட்சுக்கு மேற் சென்றது. வரைவியல் அட்டைகள் பல இதனைப் பொறுத்துக்கொண்டன. வன்தட்டுக் கட்டுப்படுத்திகளோ பல வேளைகளில் இடறின. பயனர் செயலியைக் குளிரச் செய்தார், வோல்ற்றளவைக் கூட்டினார், மேலும் பெரிய விசிறியை வாங்கினார். வழு இருந்த இடத்தை இவற்றுள் எதுவும் தீண்டவில்லை. வேகம் கூடக்கூட உறுதி குறையும் என்னும் எளிய நேர்கோட்டு எண்ணம் பிழையானது என்பதையும், மருந்துக்கு முன் நோயின் இடம் அறியப்படல் வேண்டும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்திற்று. மிகைத்துடிப்பின் வரலாற்றிலே இதனிலும் பயனுள்ள பாடம் பிறிதொன்று உண்டெனத் தோன்றவில்லை.

வழுவின் இடத்தை அறிவதற்கான முறைகள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்து நோக்கத்தக்கது. அவற்றுட் சில மிகைத்துடிப்புக்கென உருவாக்கப்பட்டவையல்ல. 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் பயன்படுத்தியோர், அதன் கருநிரலைத் தம் பொறியிலேயே தொகுப்பது வழக்கம். பல நிமிடங்கள், சிலவேளை மணிக்கணக்காக நீளும் இவ்வேலை நினைவகம் முழுவதையும் ஓயாது பயன்படுத்துவது. இடையில் தொகுப்பான் செய்நிரல் பதினோராவது சைகை எனப்படும் வழுச்செய்தியோடு நின்றுவிடுவதுண்டு. அக்காலத்தவர் இதற்கு ஓர் அழகிய விதியை வகுத்திருந்தனர். மீண்டும் தொடங்கும்போது அதே இடத்தில் நின்றால் குறை செய்நிரலில் உள்ளது. வேறோர் இடத்தில் நின்றால், அல்லது முன்னர் நின்ற இடத்தைத் தடையின்றிக் கடந்துவிட்டால், குறை பொறியில் உள்ளது. மூலபாட ஆய்வாளர்க்கும் இவ்விதி அந்நியமானதன்று. பிரதிகள் பலவற்றில் ஒரே இடத்திற் காணப்படும் பிழை மூல ஏட்டைச் சேர்ந்தது. பிரதிக்குப் பிரதி இடம் மாறும் பிழை எழுதினோன் கையைச் சேர்ந்தது.

இவ்விதி குறை பொறியில் உண்டு என்பதைக் காட்டுமேயன்றி எப்பாகத்தில் என்பதைக் காட்டாது. அதற்கு ஒன்றை மாற்றி ஏனையவற்றை நிலையாக வைக்கும் பழைய ஆய்வுகூட முறையே கைகொடுத்தது. பெருக்கி பூட்டப்படாத செயலிகளில் பெருக்கியைத் தாழ்த்திப் பாட்டையை மட்டும் உயர்த்தினால் சோதனைக்குள்ளாவது நினைவகமும் தாய்ப்பலகையும். பாட்டையை இயல்பு நிலையில் வைத்துப் பெருக்கியை மட்டும் உயர்த்தினால் சோதனைக்குள்ளாவது செயலி. நினைவகத்தைத் தனியே சோதிக்க கிறிஸ் பிறேடி என்பார் 1994 இல் எழுதிய மெம்ரெஸ்ற்86 செய்நிரல் பயன்பட்டது. பணிசெயல் முறைமை எதுவுமின்றித் தானே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு முகவரியிலும் பல்வேறு கோலங்களை எழுதி மீள வாசித்து ஒப்பிடுவது அது. மின்வழங்கி போதாமையும் ஒரு காரணமாகலாம். செயலி ஓய்விலிருந்து திடீரென முழுவேலைக்கு மாறும் கணத்தில் வோல்ற்றளவு ஒரு சிறிது தாழும். பல மணிநேரச் சோதனையைத் தாங்கிய பொறி, வேலை தொடங்கும் அக்கணத்தில் அல்லது வேலை முடிந்து ஓயும் கணத்தில் நின்றுவிடும் புதிருக்கு விடை பல வேளைகளில் இதுவே.

இனி, செயலி தவறாகக் கணிக்கின்றதா என அறிவது எங்ஙனம்? சரியான விடை முன்னரே அறியப்பட்ட கணக்கொன்றை அதற்குக் கொடுத்தல் வேண்டும். இவ்விடத்தில் தூய கணிதம் எதிர்பாராத வகையில் வந்து துணைநின்றது. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரட்டை முதன்மை எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தவேளை, 1994 ஜூனில் தம் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையைக் கண்டார். அவர் உடனே செயலியைக் குறைகூறவில்லை. தம் செய்நிரல், தொகுப்பான், தாய்ப்பலகை என ஒவ்வொன்றாக ஐயுற்று நீக்கி, பழைய 486 பொறியிலும் வேறு பென்ரியம் பொறிகளிலும் கணித்து ஒப்பிட்டு, அக்டோபர் 24 ஆம் திகதி இன்ரெலுக்கு அறிவித்தார். பென்ரியத்தின் வகுத்தற் செயன்முறைக்குரிய அட்டவணையில் ஐந்து பதிவுகள் விடுபட்டிருந்தமையே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. இன்ரெல் டிசம்பரில் சில்லுகளை மாற்றித்தர இசைந்து, அதன்பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டொலரைச் செலவாக ஒதுக்கியது. இது மிகைத்துடிப்பால் நேர்ந்த வழுவன்று. வடிவமைப்பிலேயே இருந்த வழு. ஆயினும் நைஸ்லி நாலு மாதம் பின்பற்றிய ஒழுங்குமுறை, வீட்டுப் பொறியைச் சோதிப்போருக்கும் முன்மாதிரியாகத்தக்கது.

முதன்மை எண்களோடு தொடர்புடைய மற்றொரு முயற்சி நேரடியாகவே மிகைத்துடிப்பாளரின் கருவியாயிற்று. ஜோர்ஜ் வோல்ற்மன் 1996 ஜனவரியில் மேர்சென் முதன்மை எண்களைத் தேடும் கூட்டுமுயற்சியொன்றைத் தொடங்கித் தன்னார்வலரின் கணினிகளுக்கென பிறைம்95 என்னும் செய்நிரலை வழங்கினார். ஓர் எண்ணைச் சோதிக்க இலட்சக்கணக்கான, பின்னர் கோடிக்கணக்கான வர்க்கப்படுத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தல் வேண்டும். இடையில் ஒரேயொரு பிற்று தவறினும் பல வாரகால உழைப்பு பயனற்றதாகும். ஆகவே வோல்ற்மன் செய்நிரலினுள்ளேயே காவல்களை அமைத்தார். முழுவெண்ணாக வரவேண்டிய விடைகள் முழுவெண்ணிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என அது நோக்கும், விலகல் 0.4 ஐ மீறின் வழுவென அறிவிக்கும். தன்னார்வலரின் பொறி நம்பத்தக்கதா எனச் சோதிக்க, விடை அறியப்பட்ட கணக்குகளைத் தொடர்ந்து செய்விக்கும் சித்திரவதைச் சோதனை ஒன்றும் அதிற் சேர்க்கப்பட்டது. எண்களைத் தேடும் ஆர்வம் எள்ளளவும் இல்லாத இளைஞர் பல்லாயிரவர் இச்சோதனைக்காகவே அச்செய்நிரலைப் பயன்படுத்தலாயினர். ரோக்கியோப் பல்கலைக்கழகத்தில் யசுமசா கனடாவின் ஆய்வுகூடத்திலிருந்து 1995 இல் வெளிவந்த சுப்பர் பை செய்நிரலுக்கும் இதே கதி நேர்ந்தது. பையின் பெறுமானத்தை 3 கோடியே 35 இலட்சம் தானங்கள் வரை கணிக்கவல்ல அது, வேகத்தை அளக்கும் கோலாகவும் உறுதியைச் சோதிக்கும் உரைகல்லாகவும் ஆயிற்று.

எத்தனை மணிநேரம் சோதித்தாற் போதும் என்னும் வினா இதனோடு எழுந்தது. சிலர் ஒரு மணி என்றனர். சிலர் ஓர் இரவு என்றனர். சிலர் 24 மணி என்றனர். ஒரு கொள்கையை மெய்ப்பிக்க இயலாது, பொய்ப்பிக்கவே இயலும் என்னும் கார்ல் பொப்பரின் வாதம் இங்கு முற்றாகப் பொருந்துகின்றது. சோதனையிற் தோற்ற பொறி உறுதியற்றது என்பது திண்ணம். தோற்காத பொறி உறுதியானது என்பதற்கோ திண்ணமேதுமில்லை. இதுவரை தோற்கவில்லை என்று மட்டுமே கூறலாம். ஆகவே விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் பொறிக்கு ஒரு மணிநேரச் சோதனை போதுமென்பாரும், ஆய்வுத் தரவோ கணக்குப் புத்தகமோ அடங்கிய பொறிக்கு எச்சோதனையும் போதாதென்பாரும் தத்தம் வகையிற் சரியானவரே.

2000 ஆம் ஆண்டை அடுத்த காலப்பகுதியின் ஏனைய செய்திகளைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன், டியூரொன் செயலிகளின் மேற்பரப்பிலே துண்டிக்கப்பட்டிருந்த நுண்ணிணைப்புகளைச் சாதாரண பென்சிற் கரியினாற் கோடிட்டு இணைத்துப் பெருக்கியின் பூட்டைத் திறந்தனர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் குறைபாடான மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகள் பல தாய்ப்பலகைகளில் பொருத்தப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் வீங்கி ஒழுகலாயின. அவற்றால் நேர்ந்த தளர்ச்சிக்கு மிகைத்துடிப்பைக் குற்றஞ்சாட்டியோர் பலர். வோல்ற்றளவை எல்லைமீறிக் கூட்டியோரின் பென்ரியம் 4 செயலிகள் சில மாதங்களில் முன்னறிவித்தலின்றி இறந்தமையும் அறியப்பட்டதே.

ஆனால் அவ்வாண்டின் பெருநிகழ்ச்சி வேறு. ஏ.எம்.டி.யின் போட்டியால் உந்தப்பட்ட இன்ரெல் 2000 ஜூலை இறுதியில் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 3 செயலியை வெளியிட்டது. அதனைச் சோதித்த விமரிசகர் சிலரின் பொறிகள் லினக்ஸ் கருநிரலைத் தொகுக்க இயலாது நின்றன. வீட்டு முயற்சியாளரின் பழைய உரைகல்லே நிறுவனத்தின் உற்பத்தியைத் தோற்கடித்தது. ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் இறுதியில், இன்ரெல் அச்செயலியைத் திருப்பிப் பெற்றுக்கொண்டது. உள்ளபடி நோக்கின் இது ஆக்கியோரே செய்த மிகைத்துடிப்பு எனலாம். சில்லின் மேல் பொறிக்கப்பட்ட எண்ணில் வணிகத் தீர்மானம் பௌதிக அளவை விஞ்சிவிட்டது.

மிகைத்துடிப்பின் தீங்கு அதனை விரும்பிச் செய்தோரோடு நின்றுவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் றேமண்ட் சென் 2005 இல் எழுதிய குறிப்பொன்று இதற்குச் சான்று. வின்டோஸ் நிலைகுலைந்தபோது அனுப்பப்பட்ட அறிக்கைகளை ஆராய்ந்தவர்கள், ஒரு பதிவகத்தைச் சுழியாக்கும் மிக எளிய கட்டளையிலே செயலி வழுவியதாகக் கூறும் அறிக்கைகளைக் கண்டனர். எவ்வகையிலும் தோல்வியுற முடியாத கட்டளை அது. விசாரித்தபோது அப்பொறிகள் பல வேகங்கூட்டப்பட்டவை எனத் தெரியவந்தது. உரியவர்களுட் சிலர் அச்சொல்லையே கேள்வியுறாதவர். வணிகர் அவர்களுக்குக் கூறாமலே மெதுவான செயலியை வேகங்கூட்டி விற்றிருந்தனர். மைக்ரோசொவ்ற் ஆய்வாளர் நைற்றிங்கேல் முதலிய மூவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக் கணினிகளின் அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டது. வேகங்கூட்டிய பொறிகள் கூடுதலாகவும், விதித்த வேகத்திலும் குறைத்து இயக்கப்பட்டவை குறைவாகவும் நிலைகுலைந்தன என்றும், வன்பொருட் குறையால் ஒருமுறை நிலைகுலைந்த பொறி மீண்டும் நிலைகுலையும் வாய்ப்பு மிகமிக அதிகம் என்றும் அது நிறுவியது. தற்செயலாக நின்றது எனக்கூறி மீளத் தொடக்கிவிடும் வழக்கம் எத்துணை ஆதாரமற்றது என்பது இதனாற் புலனாகும்.

2008 நவம்பரில் வெளிவந்த கோர் ஐ7 செயலிகளோடு வேகங்கூட்டும் வேலையைச் செயலியே மேற்கொள்ளலாயிற்று. வெப்பமும் வலுவும் இடந்தரும் அளவுக்குத் தன் பெருக்கியைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு அவற்றில் இருந்தது. 2011 இல் பாட்டையின் துடிப்பு ஏனைய பகுதிகளோடு பிணைக்கப்பட்டு ஏறத்தாழ அசைக்கமுடியாததாக, பெருக்கி திறந்த செயலிகள் தனி வகையாக, கூடிய விலைக்கு விற்கப்பட்டன. ஒருகாலத்தில் ஒட்டுநாடாவாற் பெற்றதை இப்போது பணங்கொடுத்துப் பெறவேண்டியதாயிற்று. செயலிகள் தம் எல்லைக்கு மிக அண்மையிலேயே விற்கப்பட்டமையால், முன்னைய இடைவெளியும் பெரிதும் சுருங்கிற்று.

அச்சுருக்கத்தின் விளைவு 2022 இலும் 2023 இலும் வெளிவந்த இன்ரெலின் பதின்மூன்றாம், பதினாலாம் தலைமுறைச் செயலிகளில் வெளிப்பட்டது. உயர்தரச் செயலிகளை வாங்கியோரின் விளையாட்டுச் செய்நிரல்கள், வரைவியல் அட்டையின் நினைவகம் போதாது என்னும் செய்தியோடு நின்றன. அட்டையை மாற்றியும் பயனில்லை. சுருக்கப்பட்ட தரவை விரிக்கும்போது செயலி தவறாகக் கணிக்கின்றது என்பதை, அவ்விரிப்பு நிரலை ஆக்கியோர் கண்டறிந்தனர். தவறான தரவைப் பெற்ற விளையாட்டு அதனை நினைவகக் குறையென எண்ணி, பிழையான இடத்தைச் சுட்டியது. 83 மெகாஹேர்ட்ஸ் காலத்தின் மயக்கம் வேறு வடிவில் மீண்டும் வந்தது. அவர்கள் கூறிய தற்காலிகப் பரிகாரம் பெருக்கியை 55 இலிருந்து 53 ஆகக் குறைப்பது. அதாவது மிகைத்துடிப்பின் மறுதலை. செயலி வேண்டிநின்ற வோல்ற்றளவு மிகையாக இருந்ததென 2024 ஜூலையில் இன்ரெல் ஒப்புக்கொண்டது. உயர்ந்த வோல்ற்றளவாலும் வெப்பத்தாலும் செயலியினுள் விரைந்து முதுமையடைந்த பகுதி, துடிப்பைப் பங்கிடும் கடிகாரச் சுற்றே எனச் செப்டெம்பரில் விளக்கமளித்தது. உத்தரவாதக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டப்பட்டு, திருத்திய நுண்கட்டளைகளும் வழங்கப்பட்டன. அவை மேற்கொண்டு சேதம் நேராமற் காக்கும் நோக்குடையவை. ஏற்கெனவே தளர்ந்துவிட்ட செயலிகளை அவற்றால் மீட்க இயலவில்லை. அவற்றை மாற்றிக்கொள்வதைத் தவிர உரியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.